நான் எழுதிய நான்கு வரி உத்தரவு

பெண் கைதிகளைப் பிரசவத்தின்போது கட்டிலோடு சங்கிலி போட்டுப் பூட்டும் வழக்கத்தை வெள்ளைக்காரன்தான் விட்டுப்போனான் என்று சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். மற்ற ஊர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் சப் ஜெயிலில் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். அப்போது வெள்ளைக்காரன் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

எனக்கு வயது இருபத்தேழு. திருச்சியில் பி.ஏ. முடித்து, ரெவின்யூ இலாகாவில் சேர்ந்து, திண்டுக்கல்லில் ஒரு சப் ஜெயிலுக்குக் கிளார்க்காக வந்திருந்தேன். எந்தக் கட்டடம் என்று எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதில் பங்கில்லை. ஆறு அறைகள், அவற்றில் ஒன்று பெண்களுக்கு. காற்று திரும்பினால் தோல் கிடங்குகளின் வாடை உள்ளே வந்துவிடும். பெயருக்குத் தாசில்தார்தான் சூப்பிரண்டு. அவர் வாரம் ஒருமுறை வந்து நான் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். ஜெயிலை நடத்தியது நானும் ஒரு தலைமை வார்டரும். பெண் கைதி வந்தால் மட்டும், பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு விதவையம்மாளைக் காவலுக்குக் கூப்பிட்டுக்கொள்வோம். இளகிய மனசு, உரத்த வாய்.

மதுவிலக்குக் காலம். எங்களிடம் வந்த பெண்கள் பெரும்பாலும் சாராயக் கேஸ். மழை பொய்த்த வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருவார்கள். ரப்பர் ட்யூபில் சாராயத்தை நிரப்பி வயிற்றில் கட்டி, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு, கர்ப்பிணி நடப்பதுபோல் இடுப்பில் கைவைத்து நடந்து பஸ் ஏறுவார்கள். பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர்கள் லத்தி நுனியால் வயிற்றைத் தட்டிப் பார்ப்பார்கள். "எத்தனாவது மாசம் ஆத்தா?" என்று ஒருவர் கேட்க, "மாசம் இல்லய்யா, நாலு பாட்டிலு" என்று இன்னொருவர் சொல்லுவார். ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அப்படி ட்யூபோடு பிடிபட்ட ஒருத்தி, உள்ளே வந்த மூன்றாம் நாள் வயிற்றுவலி என்று துடித்தாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கக்கூசுக்குப் போகிறேன் என்று போனவள் பின்சுவர் ஏறிப் போய்விட்டாள். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து என் பேரில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்ததில்லை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை என்று என் மனைவி பின்னால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நானே உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஓர் உத்தரவு எழுதினேன். நான்கு வரி. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் பெண் கைதியின் ஒரு கணுக்காலைக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியோடு சங்கிலியால் பூட்டவேண்டும். சாவி ஜெயில் கிளார்க்கிடம் மட்டுமே இருக்கவேண்டும். வேறு எவர் கையிலும் கொடுக்கக் கூடாது. கைதி ஜெயிலுக்குத் திரும்பும் வரை, கிளார்க் நேரில் இல்லாமல் பூட்டைத் திறக்கக் கூடாது. யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. தாசில்தார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அந்த ஆங்கிலம் எனக்கே பிடித்திருந்தது.

அந்தப் பெண் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். கரிசல் நிறம், நீளமான கழுத்து. சாராயம் காய்ச்சியது புருஷன். போலீஸ் வந்தபோது அவன் பின்பக்கமாக ஓடிவிட, அடுப்பருகே நின்றவளைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஜாமீனுக்கு நிற்க ஆளில்லை. சாட்சி வரவில்லை, சாட்சி வரவில்லை என்று கோர்ட்டில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாய்தா போட்டுக்கொண்டே போனார்கள். வாசலில் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர் பழக்கதோஷத்தில் அவள் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"இது நெசம் சார். உள்ள இருந்து ஒதைக்குது."

"ஒதைக்காம? தட்டுனா கதவத் தொறக்கவா செய்யும்?" என்றாள் அவள்.

தலைமை வார்டர் சிரித்துவிட்டார். நான் அவளுடைய வயதையும் ஊரையும் எழுதி, அங்க அடையாளம் என்ற இடத்தில் எட்டு மாதக் கர்ப்பம் என்று எழுதினேன்.

அந்த மாதம்தான் என் மனைவிக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். மாமனார் வீட்டில் மருத்துவச்சி வந்து பார்த்த பிரசவம். நான் தெருவில் நின்றேன். எங்கள் பக்கத்தில் ஆண்கள் அப்படித்தான் நிற்பார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. ஆறு மணிநேரம் தெருவில் நின்றுவிட்டு, பிரசவம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்ட ஆளாக ஆபீசுக்குப் போனேன்.

அந்தக் கைதிப் பெண் எப்படியோ கேள்விப்பட்டிருந்தாள். தண்ணீர் எடுக்க வெளியே விட்டபோது என் மேசை அருகே நின்றாள்.

"என்ன புள்ளைங்கய்யா?"

"பொண்ணு."

"மவராசி வந்துட்டா. எனக்கும் பொண்ணுதான் இந்தத் தடவ. மொதல்ல ரெண்டும் பயலுக. ஒண்ணு தங்கல. ஒண்ணு மாமியாகிட்ட நிக்கிது." கொஞ்சம் தயங்கினாள். "ஐயா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"என்ன?"

"ஆஸ்பத்திரியில சங்கிலி போடுவீகன்னு இந்தக்கா சொல்லுது."

"ஆமா. ஆர்டர்."

"போடுங்க சாமி. வேணாம்னு சொல்லல. கையில போட்டுருங்க. கால்ல மட்டும் வேணாம். பேறுகாலத்துக்குக் காலு ரெண்டும் வேணுங்கய்யா."

எனக்குக் காதுமடல் சுட்டது. தலைமை வார்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு பெண், அதுவும் கைதி, ஆண்கள் முன்னால் நின்று காலைப் பற்றிப் பேசுகிறாள் என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது. "சரி சரி, போ" என்று ரிஜிஸ்தரில் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னது ஒரு நியாயம். எனக்கு வெட்கம் மட்டுமே கேட்டது.

அறைக்குப் போகும் வழியில் காவல்காரம்மா அவளைக் கடிந்துகொண்டதும் என் காதில் விழுந்தது.

"ஏன்டி, அறிவிருக்கா? ஆம்பளைககிட்டப் போயிக் காலு கையின்னுட்டு."

"காலுன்னா காலுதானக்கா. ஐயா சம்சாரம் மட்டும் என்ன வாய் வழியாவா பெத்தாக?"

"அடி செருப்பால" என்று காவல்காரம்மா சொல்லிவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்தது.

உத்தரவில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். காலுக்குப் பதில் கை. எழுதியவன் நான், மாற்றவும் என்னால் முடியும். ஒரு மாதம் அவகாசம் இருந்தது. நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. யோசித்தேன், தயங்கினேன் என்று எழுதினால் அது பொய்.

ஒரு புதன்கிழமை பிற்பகல் அவளுக்கு வலி எடுத்தது. குதிரைவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒரு போலீஸ்காரர், காவல்காரம்மா, நான். பிரசவ வார்டில் ஓரக் கட்டில். நானே குனிந்து அவளுடைய வலது கணுக்காலில் வளையத்தைப் போட்டுப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. தாராளம்தான் என்று நினைத்தேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நர்ஸம்மா சங்கிலியைப் பார்த்தார். "இது எதுக்கு சார்?"

"ஆர்டர்ம்மா."

"பிரசவ நேரத்துல எடுத்துரணும். சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க."

"குடுக்கக் கூடாதும்மா. சொல்லி அனுப்புங்க, வந்துர்றேன். எப்ப ஆகும்?"

"இன்னைக்கு ஆகாது. நாளைக்குச் சாயங்காலம் ஆனாலும் ஆகும்."

நாளைக்குச் சாயங்காலம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வியாழன், அய்யலூர் ஆட்டுச்சந்தை. ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு ஞானஸ்நானம். விருந்துக்குக் கிடா வாங்க, மனைவியின் அண்ணனும் நானும் காலை பஸ்ஸில் போனோம். சங்கிலியின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. மாற்றுச் சாவி ஆபீஸ் இழுப்பறையில் இருந்தது, இழுப்பறைச் சாவியும் என்னிடம்தான். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. குழந்தை கால் முன்னால் வந்தது. அவளைக் கட்டிலின் ஓரத்துக்கு இழுத்து இரண்டு காலையும் மடக்க வேண்டும். வலது கால் கம்பியைவிட்டு வரவில்லை. ராத்திரியோடு கால் வீங்கி, வளையம் தோலுக்குள் அழுந்தியிருந்தது. சோப்புப் போட்டு இழுத்துப் பார்த்தார்கள். போலீஸ்காரர் சைக்கிளை மிதித்து ஜெயிலுக்கு ஓடினார். தலைமை வார்டர் என் மேசைக்கு முன்னால் நின்றார். இழுப்பறையை உடைக்க அவருக்குக் கைவரவில்லை. "உடைச்சா நீங்க மெமோ குடுப்பீகளோன்னு நெனச்சேன் சார்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் சந்தைக்குப் போயிருப்பதை அவரிடம் கேட்டுக்கொண்டு, போலீஸ்காரர் திருச்சி ரோட்டில் ஒரு லாரியை மறித்து ஏறி அய்யலூருக்கு வந்தார்.

இதுவரை எழுதியதெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் மற்றவர்களுக்கும் தெரிந்தது. இனி எழுதுவது எனக்கும், இறந்துபோன இரண்டு மூன்று பேருக்கும் மட்டும் தெரிந்தது.

ஆட்டுச்சந்தையில் விலையை வாய்விட்டுப் பேசமாட்டார்கள். தரகர் தன் துண்டை விரித்து நம் கையை அதற்குள் பிடித்துக்கொள்வார். விரலை அழுத்துவதுதான் பேச்சு. கையை உருவிக்கொண்டால் பேரம் முறிந்தது, அடுத்த ஆள் கையை நீட்டிவிடுவான். ஒரு செவலைக் கிடா, நல்ல எடுப்பான கிடா. என் கை துண்டுக்குள் இருந்தது. அப்போதுதான் போலீஸ்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், சாவி. சாவியக் குடுங்க. புள்ள கால் முன்னால வருதாம். நர்ஸம்மா கத்துறாக."

"சாயங்காலம்னு சொன்னாங்களே."

"இப்பங்கிறாக சார். லாரி ரோட்டுல நிக்கிது."

"போன தடவ ஒருத்தியும் இப்படித்தான் துடிச்சா" என்றேன்.

"இது அது இல்ல சார்."

தரகர் என் விரலை அழுத்தினார். "கைய எடுத்தா வெல ஏறிப்போகும், பாத்துக்கங்க."

என் மச்சான்கூட, "சாவியக் குடுத்து அனுப்பிட்டு நிம்மதியா நில்லுங்க மாப்ள" என்றார்.

"சாவி என் கையவிட்டுப் போகக் கூடாது. செத்த பொறுங்க, வந்துர்றேன்."

கையை நான் எடுக்கவில்லை. பேரம் படியக் கால் மணிநேரம் ஆயிற்று. லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது சந்தைக்குள் கேட்டது. போலீஸ்காரர் என் எதிரிலேயே நின்றார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார், திரும்ப வைத்தார், திரும்பக் கழற்றினார். கிடாவை மச்சானிடம் விட்டுவிட்டு லாரியில் ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வார்டு வாசலில் ஒரு சைக்கிள் கடைக்காரர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இரும்பு ரம்பம். நான் வராததால் நர்ஸம்மா அவரை வரவழைத்திருந்தார். பிரசவ வார்டுக்குள் ஆண்பிள்ளை எப்படி வருவது என்று அவர் வாசலில் தயங்கியபோது, "வெக்கம் பாத்தா உசுரு போயிரும், உள்ள வாங்கய்யா" என்று கையைப் பிடித்து இழுத்தாராம். குறுக்கே ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு, மனிதர் தலையைத் தூக்காமல் அறுத்திருக்கிறார். சங்கிலி பாதி அறுபட்டிருந்தபோது குழந்தை வந்துவிட்டது. தலை சிக்கி வெகுநேரம் ஆகியிருந்தது. மூச்சு இல்லை.

நான் சாவியை எடுத்தேன். நர்ஸம்மா என்னை ஒன்றும் திட்டவில்லை. "இப்ப எதுக்கு சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். குனிந்து பூட்டைத் திறந்தேன். வளையத்தை எடுக்கையில் தோலும் கூட வந்தது. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"சந்தைக்குப் போயிருந்தீகளாம்ல. ஆடு நல்லதா கெடச்சுச்சாங்கய்யா?"

குத்திச் சொன்னாளா, மயக்கத்தில் சொன்னாளா, வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல் சொன்னாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. "கெடச்சுச்சு" என்று பதில் சொன்னேன்.

பெண் குழந்தை. காவல்காரம்மா தன் பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனது. எங்கே புதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அறிக்கை எழுதினேன். பிரசவ வலி தொடங்கியதும் விலங்கு அகற்றப்பட்டது, குழந்தை இயற்கையான சிக்கலால் இறந்தே பிறந்தது, குறிப்பிடும்படி வேறொன்றும் நடக்கவில்லை. போலீஸ்காரரும் தலைமை வார்டரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். நான் அவர்களையும் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். சனிக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் கறி நன்றாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சாப்பிட்டேன்.

அடுத்த வாய்தாவில் சாட்சி வந்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டாள். கோர்ட் கலையும்வரை தண்டனை. அன்று மாலை ஐந்து மணிவரை கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து ஊருக்குப் போனாள்.

உத்தரவை நான் ரத்து செய்யவில்லை. செய்தால் ஏன் என்று கேள்வி வரும். அறிக்கையில்தான் ஒன்றும் நடக்கவில்லையே. தலைமை வார்டரிடம், இனிமேல் சாவியை நர்ஸிடம் கொடுத்துவிடலாம் என்று வாயால் சொன்னேன். ஒரு வருடத்தில் எனக்கு மாற்றல் வந்தது.

அறுபதுகளின் நடுவில் வேடசந்தூரில் வேலை. ஒரு நாள் மாலை பஸ்ஸுக்கு நின்றபோது, மில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்து வந்தாள். தலைமுடியில் பஞ்சு. கையில் தூக்குவாளி. நடையில் லேசான சாய்வு. அதைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன்.

"ஐயா, சௌக்கியமா? பாப்பா பள்ளிக்கூடம் போகுதா?"

"போகுது."

"ரெண்டாப்பு இருக்குமே."

"ஆமா. ரெண்டாப்பு." என் மகள் படிக்கும் வகுப்பை எப்படிச் சரியாகச் சொன்னாள் என்று ஒரு கணம் வியந்தேன். பிறகு புரிந்தது. அவளுக்கு அந்தக் கணக்கு எந்நேரமும் மனசில் இருந்திருக்கிறது.

என்னிடம் சொல்ல வார்த்தை இருந்தது. அந்தக் கால் மணிநேரத்தைச் சொல்லிவிடவேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவளே கேட்டாள்.

"ஐயா, அந்தக் கால்சங்கிலி இன்னும் அங்க இருக்கா?"

"இல்ல. அப்பவே எடுத்தாச்சு."

அவள் முகம் தெளிந்தது. "அம்புட்டுப் போதுங்கய்யா. எம்புள்ளையோட போகட்டும். பின்னால வந்ததுகளாச்சும் நல்லா பெத்துக்கிட்டுப் போயிருக்கும்ல." மில் பஸ் வந்தது. "வாரேங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பழைய ஜெயிலுக்குப் போனேன். தலைமை வார்டர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். என் நாற்காலியில் ஒரு புதுக் கிளார்க். மரியாதையான பையன், நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றான். நான் கேட்டதும் ஃபைலைப் புரட்டி எடுத்தான். நான்கு வரியும் அப்படியே இருந்தன.

"உங்க ஆர்டர்தான் சார், இன்னைக்கும் நடக்குது. யாரும் கை வைக்கல. போன மாசங்கூட ஒரு பிரசவம்."

"சாவி? நர்ஸ்கிட்ட குடுத்தீங்கள்ல?"

"எப்படி சார்? குடுக்கக் கூடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

இதை ரத்து செய்யவேண்டும், நான் தாசில்தாரைப் பார்த்துப் பேசுகிறேன் என்றேன். அவன் பேனாவைத் திறந்தான்.

"தாராளமா சார். நான் நோட் போட்டு வைக்கிறேன். காரணம் என்னன்னு எழுதட்டும்? முன்னால ஏதாவது நடந்துச்சா?"

அந்த உத்தரவுக்கு அடுத்த தாளாக என் அறிக்கை கோத்திருந்தது. என் கையெழுத்து, கீழே போலீஸ்காரர் கையெழுத்து, தலைமை வார்டர் கையெழுத்து. பையன் முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தான்.

"இல்ல. ஒண்ணும் நடக்கல" என்றேன்.

அவன் பேனாவை மூடினான். காப்பி வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டான்.